ஒரு துறையும் பல கலங்களும்

காரைநகரின் தென்கரையிலே நின்று நோக்கினால், குறுகியதொரு கடல்நீரிணைக்கு அப்பால் ஊர்காவற்றுறை தெரியும். இரண்டுக்கும் இடையே நீர் நடுவில், போர்த்துக்கேயர் கட்டி 1658ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் கைப்பற்றிய கடற்கோட்டை நிற்கின்றது. 'பாதை' என்று ஊரார் வழங்கும் மிதவை அக்கரையிலிருந்து வரும்வரை இக்கரையிலே நிற்பது தீவு மக்களுக்குப் பழகிய காரியம். காத்திருத்தல் யாது என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. ஆயினும், நேயர்களே, காத்திருத்தலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனைச் செம்மையாகச் செய்யும் முறை உண்டு; வீணாகச் செய்யும் முறையும் உண்டு. பல இடங்களிலிருந்து ஒரே வேளையில் வரும் செய்திகளை ஒருவரே ஏற்று, எவரையும் கைவிடாது கவனிப்பது எப்படி என்பதே அவ்வரலாற்றின் சாரம். இன்று கணினியின் உள்ளே இடையறாது நடைபெறும் அக்காரியத்தைப் பற்றியே இங்குச் சொல்ல விழைகின்றேன்.

தொடக்கத்தைத் தேடி நாம் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. நயினாதீவிலே ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கின்றது. 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963இலே வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, வந்து சேரவேண்டும். அவர்களுக்குக் காவல் அளிக்கப்படவேண்டும் என்று அக்கல்வெட்டுக் கூறுகின்றது. அதன்பின் அது கூறும் செய்தியே நம் கருத்துக்கு உரியது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலம் உடைந்தால், நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு. மற்றை மூன்று பங்கும் உடையவனுக்கு. வாணிகச் சரக்கு ஏற்றிவரும் கலம் உடைந்தால், சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு.

இந்த ஆணையின் அமைப்பைச் சற்று உற்றுநோக்குங்கள். எந்தக் கலம் என்றைக்கு வரும் என்று அரசன் அறியான். எது உடையும் என்றும் அறியான். பொலன்னறுவையிலிருந்து நாள்தோறும் ஆள் விட்டு, 'கலம் உடைந்ததா? கலம் உடைந்ததா?' என்று அவன் கேட்கவும் இல்லை. இன்ன நிகழ்வு நேர்ந்தால் இன்னது செய்க என்று முன்கூட்டியே தீர்மானித்துக் கல்லிலே பொறித்து வைத்துவிட்டுத் தன் மற்றைக் கருமங்களைப் பார்த்தான். நிகழ்வு நேரும்பொழுது கல் பேசும். இக்காலக் கணினி அறிஞர் 'நிகழ்வு வழி இயங்குதல்' என்று பெருமையுடன் கூறும் நெறி இதுவே.

இனி, கணினிக்கு வருவோம். ஒரு நிரல், நூறு வெவ்வேறு ஊர்களிலுள்ள கணினிகளிலிருந்து நூறு கோப்புகளைப் பெறவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதனை ஒரு துறைமுக எழுத்தரின் நிலையிலே வைத்துப் பார்த்தால் விளக்கம் எளிதாகும். துறைக்கு வெளியே நூறு கலங்கள் நங்கூரமிட்டு நிற்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் சரக்குச் சிறிது சிறிதாக, எப்பொழுது என்று சொல்லமுடியாதபடி, கரை சேர்கின்றது. எழுத்தர் முதற்கலத்தின் முன் நின்று, அது முழுவதும் இறக்கப்பட்ட பின்னரே இரண்டாங் கலத்துக்குச் செல்லலாம். அப்படியாயின், முதற்கலம் காற்றின்றித் தாமதித்தால் மற்றைத் தொண்ணூற்றொன்பதும் அதன் பொருட்டு அழியவேண்டியதுதான். அல்லது, ஓய்வின்றிக் கலத்துக்குக் கலம் ஓடி, 'சரக்கு வந்ததா?' என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். கால் ஓயும், பெரும்பாலும் 'இல்லை' என்பதே விடையாகும். அல்லது, கலத்துக்கு ஓர் எழுத்தராக நூறு எழுத்தரை நியமிக்கலாம். கணினியிலே இத்தகைய எழுத்தரை 'இழை' என்பர். ஒவ்வோர் இழைக்கும் தனியாக நினைவிடம் ஒதுக்கவேண்டும். ஒருவரை நிறுத்தி மற்றவரை எழுப்புவதற்கும் காலம் செலவாகும். நூறுக்கு இது தாங்கும். பத்தாயிரத்துக்குத் தாங்குமா?

நான்காவது வழி ஒன்று உண்டு. அதனை உலகம் முதலிலே பெருமளவிற் கண்டது தொலைபேசி நிலையத்திலேதான். 1878ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிலே, 21 சந்தாதாரருடன் முதலாவது வணிகத் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது. இத்தகைய நிலையங்களிலே விரைவில் இணைப்புப் பலகைகள் பெருகின. அப்பலகையிலே ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு சிறு உலோக மூடி இருந்தது. சந்தாதாரர் தம் கருவியின் கைபிடியைச் சுழற்றினால் அவருடைய மூடி 'கிளிக்' என்று விழும். பலகையின் முன் அமர்ந்திருக்கும் பெண், விழுந்த மூடியை மாத்திரம் பார்ப்பாள், அந்த இணைப்பைக் கவனிப்பாள், மூடியை மீண்டும் நிமிர்த்துவாள், அடுத்ததற்குச் செல்வாள். ஐம்பது இல்லத்தாருக்கு ஒருத்தி போதும். ஐம்பதின்மரும் ஒரே கணத்திற் பேச விழைவதில்லை என்பது ஒரு காரணம். அவள் எவரையும் சென்று கேட்பதில்லை, தேவைப்பட்டவரே அவளை அழைக்கின்றார் என்பது மற்றைக் காரணம். ஆனால் ஒன்று: அவள் ஒரு சந்தாதாரருடன் வம்பளக்கத் தொடங்கினால் பலகை முழுவதும் ஊமையாகிவிடும். இக்குறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் வரும்.

1950களின் நடுப்பகுதியிலே, கணினிகளின் உள்ளமைப்பிலும் இதே எண்ணம் புகுந்தது. வெளிக்கருவி ஒன்று தன் வேலை முடிந்ததும் மூளைப்பகுதியின் கவனத்தைத் தானே ஈர்க்கும் 'இடைமறிப்பு' முறை தோன்றிற்று. எனினும், நிரல் எழுதுவோர் கைக்கு இவ்வசதி வந்துசேரச் சில பத்தாண்டுகள் சென்றன. கலிபோர்ணியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தினர் 1983இலே வெளியிட்ட யுனிக்ஸ் இயங்குதளத்தில் இரண்டு புதுமைகள் இருந்தன. ஒன்று, வலையமைப்பு இணைப்பின் வாயிலாகிய சொக்கெட். மற்றது, 'செலெக்ட்' என்னும் கட்டளை. எழுத்தர் இப்பொழுது ஓடவேண்டியதில்லை. கலங்களின் பட்டியல் ஒன்றை எழுதிக் கோபுரத்திலிருக்கும் காவற்காரனிடம் கொடுத்து, 'இவற்றுள் எதிலாவது கொடி ஏறினால் என்னை எழுப்பு' என்று கூறிவிட்டு உறங்கலாம்.

இது பெரியதொரு முன்னேற்றமே. ஆயினும் காவற்காரன் மறதிக்காரன். கொடி ஏறியதும் எழுப்புவான். பட்டியலிலே குறியிட்டுத் திருப்பித் தருவான். உடனே எல்லாவற்றையும் மறந்துவிடுவான். எழுத்தர் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து, எந்தக் கலத்திற்குக் குறி விழுந்துள்ளது என்று தேடவேண்டும். பின்னர், முழுப் பட்டியலையும் புதிதாக எழுதி மீண்டும் கொடுக்கவேண்டும். கலங்கள் பத்தாயின் இது தொல்லையன்று. ஆயிரமாயின், ஒரு கலத்தின் ஒரு மூட்டைக்காக ஆயிரம் வரியை இருமுறை பார்க்கவேண்டும். மேலும், பட்டியலின் நீளத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. பல இயங்குதளங்களில் அது 1024 ஆயிற்று.

1990களிலே இணையம் பெருகியபொழுது இக்குறை வெளிப்படையாயிற்று. 1999இலே டான் கேகல் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் ஒரு வினாவை எழுப்பினார். இக்காலத்துக் கணினியின் விரைவையும் நினைவிடத்தையும் கணக்கிட்டால், ஒன்றே பத்தாயிரம் பேருக்கு ஒருங்கே பணிசெய்யக்கூடும்; அவ்வாறிருந்தும் செய்ய முடியாமல் இடறுவது ஏன்? குறை பொறியில் இல்லை. காத்திருக்கும் முறையிலே இருக்கின்றது என்பதே அவ்வினாவின் உட்கருத்து. விடை இரண்டு திசைகளிலிருந்து வந்தது. 2000ஆம் ஆண்டிலே பிரீபிஎஸ்டி இயங்குதளத்துக்காக யொனதன் லெமன் 'கேகியூ' என்பதை ஆக்கினார். 2002இலே லினக்சுக்காக டேவிட் லிபென்சி 'ஈபோல்' என்பதை ஆக்கினார். இரண்டிலும் காவற்காரன் தானே ஒரு பதிவேடு வைத்துக்கொள்கின்றான். கலம் வரும்பொழுது ஒருமுறை பதிந்தாற் போதும். போகும்பொழுது ஒருமுறை நீக்கினாற் போதும். கொடி ஏறிய கலங்களின் பெயரை மாத்திரம் அவன் கூறுவான். உறங்கும் கலங்கள் எத்தனை ஆயிரமாயினும் எழுத்தருக்கு அவற்றாற் சுமையில்லை.

இதுவரை கண்டது துறைமுகத்தின் கதை. இனி, அத்துறையிலே வணிகர் பொருட்டு அலுவல் பார்க்கும் முகவரின் கதை. நிரல் எழுதுவோர் ஒவ்வொருவரும் வலையமைப்பின் நுணுக்கம் அனைத்தையும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதிவைத்த நிரல் நூலகத்தைப் பயன்படுத்துவர். அத்தகைய நூலகங்களுள் மிகப் பரவியது சுவீடன் நாட்டவராகிய டேனியல் ஸ்டென்பேர்க்கின் 'லிப்கேர்ல்' ஆகும். 1996இலே, அரட்டை அரங்கொன்றிலே நாணயமாற்று விகிதங்களைத் தாமாகவே பெற்றுத் தருவதற்காக, பிறர் எழுதிய சிறு நிரல் ஒன்றை அவர் எடுத்துத் திருத்தத் தொடங்கினார். 1998 மார்ச்சிலே அது 'கேர்ல்' என்னும் பெயரைப் பெற்றது. 2000ஆம் ஆண்டிலே நூலக வடிவம் பெற்றது. இன்று அது ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட இடங்களில் நிறுவப்பட்டுள்ளது என அதன் ஆசிரியர் மதிப்பிடுகின்றார். கைத்தொலைபேசி, தொலைக்காட்சிப் பெட்டி, மோட்டார் வண்டி ஆகிய பலவற்றின் உள்ளே அது பெயர் தெரியாமல் உழைக்கின்றது.

முதலிலே அந்நூலகம் ஒரு வேளையில் ஒரு கோப்பையே கொணரும். கொணர்ந்து முடியும்வரை அழைத்தவன் காத்து நிற்கவேண்டும். 2002இலே பலவற்றை ஒருங்கே கொணரும் இடைமுகம் சேர்க்கப்பட்டது. ஆனால் அது செலெக்ட் காலத்து எண்ணப்படி அமைந்தது. ஒரு கலத்திற் கொடி ஏறினாலும், முகவர் தம் கணக்கிலுள்ள எல்லாக் கலங்களையும் ஒருமுறை பார்த்து வருவார். கோபுரத்துக் காவற்காரன் திருந்திவிட்டான். முகவர் இன்னும் பழைய வழக்கிலேயே இருந்தார். 2006ஆம் ஆண்டிலேதான் முகவரும் திருந்தினார். அவ்வாண்டிலே சேர்க்கப்பட்ட சொக்கெட் வழி இடைமுகத்தின் அமைப்பு எளியது, ஆயினும் நுட்பமானது.

முகவர் தமக்கெனத் தனிக் காவற்காரனை வைப்பதில்லை. துறையிலே ஏற்கெனவே ஒருவன் இருக்கின்றான். இருவர் இருந்தால் இருவரும் ஒருவரையொருவர் மறித்துக் கெடுப்பர். ஆகவே, நூலகம் தன்னை அழைக்கும் நிரலுக்கு இரண்டு செய்திகளை மாத்திரம் கூறுகின்றது. 'இந்த வாயிலைப் பார்த்துக்கொள். இதில் வரவை எதிர்பார்க்கின்றேன், அல்லது போக்கை எதிர்பார்க்கின்றேன், அல்லது இனிப் பார்க்கவேண்டாம்' என்பது ஒன்று. 'இத்தனை நேரத்துள் ஒன்றும் நிகழாவிடின் என்னை எழுப்பு' என்பது மற்றது. அதன்பின் நூலகம் வாய்மூடி இருந்துவிடும். வாயிலில் அசைவு கண்டதும், நிரல் நூலகத்தை அழைத்து, 'இந்த வாயிலில் இது நிகழ்ந்தது' என்று கூறும். நூலகம் அந்த ஒரு கலத்தின் கணக்கை மாத்திரம் திறந்து, செய்யவேண்டியதைச் செய்து, உடனே மீளும்.

இரண்டாவது செய்தியின் அருமையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. கொடி ஏறினால் அறியலாம், ஏறாதுவிட்டால்? கடலில் மூழ்கிய கலம் கொடி காட்டுவதில்லை. மறுமுனையிலுள்ள கணினி அணைந்துவிட்டால், பெரும்பாலும் எந்தச் செய்தியும் வாராது, மௌனமே வரும். ஆகவே மௌனத்தையும் ஒரு நிகழ்வாக்கும் கருவி வேண்டும், அதுவே காலக்கெடு. கரையில் நின்று கணவனின் தோணியை நோக்கும் பெண், 'இருட்டுமுன் வராவிட்டால் ஊரைக் கூட்டவேண்டும்' என்று மனத்துள் எண்ணுகின்றாளே, அதுதான் காலக்கெடு. அஃதில்லாத காத்திருத்தல் முடிவில்லாத காத்திருத்தலாகும்.

இன்னுமோர் இடர் இருந்தது. தொடர்பு கொள்ளவேண்டிய கணினியின் பெயரை எண்முகவரியாக மாற்றுவதற்கு இயங்குதளம் தந்த பழைய கட்டளை, விடை வரும்வரை எழுத்தரை அசையவிடாது பிடித்துவைத்தது. நூறு கலங்களைக் காக்கும் எழுத்தர், நூற்றோராவது கலத்தின் விலாசம் கேட்கப் போய் அங்கேயே கட்டுண்டு நிற்பதுபோன்ற நிலை அது. இணைப்புப் பலகைப் பெண்ணின் வம்பளப்பு என்று முன்னர்க் கூறியது இதுவே. இதனைத் தீர்க்கும்பொருட்டு, கிரெக் ஹட்சன் முன்பு எழுதிய 'ஏரெஸ்' என்னும் நூலகத்தை ஸ்டென்பேர்க் விரித்துச் 'சீ-ஏரெஸ்' ஆக்கினார். பெயர் தேடலும் மற்றவைபோல ஒரு நிகழ்வாயிற்று. தொண்ணூற்றொன்பது வேலைகளை நிகழ்வு வழியிலே நடத்தி, ஒன்றை மாத்திரம் பழைய வழியில் விட்டால், அந்த ஒன்றே அனைத்தையும் நிறுத்திவிடும். இந்நெறியின் கடுமை அது.

கடுமை உண்டு என்றேன். அதுபற்றி அறிஞரிடையே வழக்கும் உண்டு. 1978இலேயே லோவர், நீதம் என்னும் இருவர், செய்திகளால் இயங்கும் அமைப்பும் தனித்தனிச் செயன்முறைகளால் இயங்கும் அமைப்பும் ஒன்றன் பிரதிபிம்பம் மற்றது என்று காட்டினர். 1996இலே ஜோன் ஊஸ்டர்ஹவுட், பெரும்பாலான வேலைகளுக்கு இழைகள் தீய எண்ணமே என்று உரையாற்றினார். 2003இலே பேர்க்லி ஆய்வாளர் மூவர், நிகழ்வுகளே தீய எண்ணம் என்று மறுத்தெழுதினர். அவர்கள் கூற்றிலும் உண்மை இருந்தது. தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே கதையாக எழுதக்கூடிய அலுவலை, நிகழ்வு வழியிலே பத்துத் துண்டாக வெட்டிப் பத்து இடங்களில் வைக்கவேண்டியிருக்கின்றது. கல்வெட்டைப் பத்தாக உடைத்துப் பத்துத் தீவுகளில் நட்டால் வாசிப்பவன் பாடு என்னாகும்?

இவ்வழக்கிலே நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 2005ஆம் ஆண்டிலே சஞ்சீவ வீரவரணவும் பிறரும் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் நிறுவனத்தின் கொழும்புப் பொறியியலாளர், அப்பாச்சி அமைப்பின் 'சினாப்ஸ்' என்னும் திறந்த மூல மென்பொருளை உருவாக்குவதிலே முன்னின்று உழைத்தனர். ஒரு கணினி விடுக்கும் வேண்டுகோளை ஏற்று, உரிய இன்னொரு கணினிக்கு அனுப்பி, விடையைத் திருப்பித் தரும் இடைநிலைத் தரகு அது. தரகனுக்கு ஏற்படும் ஆபத்து யாதெனில், பின்னாலுள்ள ஒரேயொரு கணினி தாமதித்தாற் போதும். அதன் விடைக்காகக் காத்துக் காத்து எழுத்தர் அனைவரும் அங்கே தேங்கிவிடுவர். தாமதம் இல்லாத கணினிகளை நாடி வந்தவரும் வாயிலிலே தவங்கிடப்பர். இதனைத் தவிர்க்க, 2007இலே வெளியான முதற்பதிப்பிலேயே, காத்து நிற்காத போக்குவரத்து முறையைச் சினாப்ஸ் கையாண்டது. ஜாவா மொழியிலே 2002 முதல் கிடைத்த வசதி அதற்கு அடித்தளமாயிற்று. சில எழுத்தரைக் கொண்டே ஆயிரக்கணக்கான நிலுவை வேண்டுகோள்களைத் தாங்க முடிந்தது.

அதே நிறுவனம் பின்னர் 'பாலெரினா' என்னும் நிரல் மொழியையும் ஆக்கி, 2019இலே அதன் முதலாம் பதிப்பை வெளியிட்டது. அம்மொழியிலே ஓட்டத்தின் அலகைப் 'புரி' என்னும் பொருள்படும் சொல்லால் வழங்குவர். கயிற்றை முறுக்கும்பொழுது சேரும் புரிதான். எழுதுபவன் கதையைத் தொடர்ச்சியாகவே எழுதுகின்றான்: வேண்டுகோளை அனுப்பு, விடையைப் பெறு, கணக்கிடு. வலையமைப்பின் விடைக்குக் காத்திருக்கும் இடத்திலே அந்தப் புரி தானே ஒதுங்கி, எழுத்தரை வேறொரு புரிக்கு விட்டுக்கொடுக்கின்றது. வாசிப்புக்கு ஒரே கல்வெட்டு. இயக்கத்துக்கு நிகழ்வு நெறி. வழக்காடிய இரு திறத்தாரும் கைகுலுக்கும் இடம் இது. வேறு பல மொழிகளும் இதே இடத்தை நோக்கி வந்திருக்கின்றன.

நேயர்களே, இவ்வளவு நுணுக்கம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். போர்க்காலத்திலே, குடாநாட்டுக்கும் தீவுகளுக்கும் தொலைபேசித் தொடர்பு அற்றுப்போயிருந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்த தாய்க்கு, அது எப்பொழுது வரும் என்று தெரியாது. வாராது என்றும் தெரியாது. அழைப்பும் இல்லை, கெடுவும் இல்லை. இன்று காரைநகரிலே ஒரு மூதாட்டியின் கையிலுள்ள சிறு கருவி, இலண்டனிலிருந்தும் தொறன்றோவிலிருந்தும் வரும் படங்களையும் குரல்களையும் ஒருங்கே ஏற்கின்றது. அவற்றுள் ஒன்று மெலிந்த இணைப்பினால் நடுவழியில் நின்றாலும் மற்றவை வந்து சேருகின்றன. பெரிய எந்திரம் வாங்கியதனாலன்று. சிறிய எந்திரம் தன் காத்திருப்பை ஒழுங்குபடுத்தக் கற்றுக்கொண்டதனாலேயே இது கைகூடிற்று. வளம் குறைந்த இடத்துக்கே இந்நெறி பெரிதும் வேண்டப்படுவது.

அந்நெறியின் கட்டளைகள் மூன்றே. நிகழக்கூடியதை முன்னரே எண்ணி, செய்யவேண்டியதை எழுதி வை. நிகழ்ந்ததும் செய்வதைச் செய்து விரைவில் மீள். ஏனெனில் பிறர் காத்திருக்கின்றனர். மௌனத்துக்கும் ஒரு கெடு வை. நயினாதீவுக் கல்லிலே இவற்றுள் முதலாவது இருக்கின்றது. மற்றை இரண்டையும் கண்டறிய எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன. உடைந்த கலத்துக்கு உரிய பங்கைப் பேராசையின்றி வகுத்த அந்த ஆணை, வந்தவர் அனைவரையும் ஒரே துறை காக்கவேண்டும் என்பதையே நோக்கமாகக் கொண்டது. இன்றைய நிரலாளரின் நோக்கமும் அதுவே.